வீட்டுக்கு எதிரே போகும் கப்பலில் ஏற

எங்கள் வீட்டு வாசலில் நின்று கல்லெறிந்தால் கடலில் விழும். லைட்ஹவுஸ் குப்பத்தில் கடலைப் பார்த்த முதல் தெரு எங்களுடையது. அப்படிப்பட்ட நான் கப்பல் ஏறுவதற்காகக் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பொன்னேரிப் பக்கம் ஓடினேன் என்று சொன்னால், கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். இப்போது நானும் சிரிக்கிறேன். அன்றைக்கு என் வாயிலிருந்து வந்த வார்த்தைகளை மட்டும் இங்கே எழுத முடியாது.

சென்னையிலிருந்து விசாகப்பட்டினத்துக்குச் சொகுசுக் கப்பல் விடுகிறார்கள் என்று போனில் பார்த்த நாளிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நீச்சல் குளம், பாட்டு, ஆட்டம், வகைவகையாய்ச் சாப்பாடு என்று வீடியோவில் காட்டினார்கள். அதெல்லாம் கசக்குமா என்ன? ஆனால் என் ஆசை வேறு. வடக்கே போகிற கப்பல் எங்கள் ஊரைத் தாண்டித்தானே போக வேண்டும்? கடலிலிருந்து எங்கள் கரையை ஒருதடவை பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்துப் பெண்கள் ஊருக்குப் பின்னால் இருக்கும் ஏரியில் கழுத்தளவு தண்ணீரில் நின்று கையால் தடவியே இறால் பிடிப்பார்கள், நண்டு பிடிப்பார்கள். கடலுக்குப் போகிற போட்டில் மட்டும் கால் வைக்க மாட்டார்கள். என் வீட்டுக்காரர் தொழிலுக்குப் போகும்போதெல்லாம், அவருடைய ஃபைபர் போட் அலையைத் தாண்டி, புள்ளியாகி, மறைகிற வரைக்கும் நான் கரையில் நிற்பேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நிற்கிறேன். நான் நிற்கிற அந்த இடம் அவர் கண்ணுக்கு எப்படி இருக்கும்? நான் அதில் எங்கே இருப்பேன்? இதை நான் பார்த்தே ஆக வேண்டும்.

"ஒரே ஒரு தபா இட்னு போய்யா, பாத்துட்டு வந்துடறேன்" என்று எத்தனையோ முறை கெஞ்சியிருக்கிறேன்.

"இன்னாமே, வெளயாடறியா? ஊரு என்ன வுட்டு வைக்குமா?" என்பார். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

அதனால்தான் ஏலச்சீட்டுப் பணம் கைக்கு வந்ததும் நேரே போய்க் கப்பல் டிக்கெட் போட்டேன், எனக்கும் அவருக்கும் சேர்த்து. தெருவே வாயைப் பிளந்தது. நகை வாங்குவேன் என்று நினைத்திருந்தார்கள். "கடல்ல போறவனுக்கு மறுபடியும் கடலுக்கா டிக்கெட்டு எடுப்ப?" என்று என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் அன்று சாயந்திரமே கூட்டாளிகளிடம் போய்ப் பெருமை அடித்துக்கொண்டதை நான் காதாரக் கேட்டேன்.

எனக்கு உறைக்காத ஒன்று இருந்தது. கடல் பக்கத்தில் இருப்பது வேறு, துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருப்பது வேறு. எங்கள் கரையில் நின்றால் கப்பல்கள் போவது தெரியும். ஒன்றுகூட எங்களுக்காக நிற்காது. "இங்கயே போட்ட எடுத்துக்கினு போய் கயிறு போட்டு ஏறிக்கலாமே" என்று இவர் கிண்டல் செய்தார். ஏற வேண்டுமென்றால் ஏரிப் பாலம் தாண்டி, பொன்னேரி போய், ரயில் பிடித்து, சென்னையில் இறங்கி, ஆட்டோ வைத்துத் துறைமுகம் போக வேண்டும். அங்கே மத்தியானத்துக்குள் உள்ளே போனால்தான் ஆச்சு, அப்புறம் கேட்டைச் சாத்திவிடுவார்கள். முதல் பஸ்ஸிலேயே கிளம்பிவிடுவது என்று முடிவு செய்தோம். பக்கத்து வீட்டு அக்கா தெருப் பெண்களையெல்லாம் சேர்த்து ஒரு திட்டமே போட்டுவிட்டாள். கப்பல் நம் ஊரைத் தாண்டுகிற நேரத்துக்கு எல்லோரும் கரையில் நின்று கை ஆட்டுவார்கள், நான் மேலிருந்து கை ஆட்ட வேண்டும். அக்கா சொன்னால் சொன்னதுதான், யாரும் மாற்றிப் பேச முடியாது.

கிளம்ப வேண்டிய நாளன்று விடிவதற்கு முன்பே தெற்கத்திக் காற்று பிய்த்துக்கொண்டு அடித்தது. அலை ஆளுயரத்துக்கு எழுந்து உடைந்தது. ஒரு போட்கூடத் தண்ணீரில் இறங்கவில்லை. எல்லாவற்றையும் மேட்டுக்கு இழுத்துப் போட்டுவிட்டார்கள். என் வீட்டுக்காரர் வாசலில் நின்று கடலைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். பிறகு போட்டிருந்த புதுச் சட்டையைக் கழற்றிக் கொடியில் மாட்டினார்.

"இன்னிக்குக் கப்பல் எடுக்க மாட்டான்" என்றார்.

நீங்கள் நம்ப மாட்டீர்கள், நானும் அதை அப்படியே நம்பினேன். தெருவில் ஒருத்தர் மறுத்துப் பேசவில்லை. இப்படிக் காற்றடித்தால் கடலுக்கு யாரும் போக மாட்டார்கள், பிறந்ததிலிருந்து அப்படித்தான் பார்த்திருக்கிறோம். போட்டுக்கு ஒரு சட்டம், கப்பலுக்கு ஒரு சட்டமா? முதல் பஸ் போன சத்தம் கேட்டது. அவர் வலையை எடுத்துப் போட்டுக்கொண்டு கிழிசல் பார்க்க உட்கார்ந்தார். நான் பையிலிருந்த புடவைகளை எடுத்துப் பெட்டியில் திரும்ப வைத்தேன். பக்கத்து வீட்டு அக்கா ஆறுதல் சொல்ல வந்து, "வுடு தங்கச்சி, காத்து அடங்கினதும் கூப்டுவாங்க" என்றாள்.

உலை வைத்தேன். குழம்புக்குப் புளி கரைத்தேன். மனசு கேட்கவில்லை. என்றைக்குக் கப்பல் எடுப்பார்கள் என்று கேட்டு வைப்போம் என்று டிக்கெட்டில் இருந்த நம்பருக்குப் போன் போட்டேன்.

எடுத்த பெண் தேனொழுகப் பேசினாள். "இன்னைக்குத்தான் மேடம். சரியான டைமுக்குக் கிளம்புது. நீங்க இன்னும் வரலையா?"

"காத்து அடிக்குதேம்மா!" என்றேன்.

"காத்தா? அதனால ஒண்ணும் இல்ல மேடம். நீங்க எங்க இருக்கீங்க?"

"கடல் பக்கத்துல."

"அப்போ பக்கம்தானே மேடம், வந்துடுங்க" என்று வைத்துவிட்டாள்.

பக்கமாம்! நான் போட்ட கூச்சலில் வலையோடு உட்கார்ந்திருந்தவர் எழுந்து நின்றுவிட்டார். "யோவ், கப்பல எடுக்கறானாம்யா! ஒன் காத்த நீயே வச்சுக்க!" அடுப்பை அணைத்தேனா, அக்கா அணைத்தாளா, நினைவில்லை. புடவைகளைப் பந்தாகச் சுருட்டிப் பைக்குள் திணித்தேன். அவர் கொடியிலிருந்த சட்டையை இழுத்த வேகத்தில் ஒரு பித்தான் பறந்தது. அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்தால் கதை கந்தல். அக்காவின் வீட்டுக்காரர் மீன் ஏற்றுகிற லோடு ஆட்டோவை எடுத்தார். பின்னால் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். பாலத்தில் ஏறும்போது திரும்பிப் பார்த்தேன். கடல் நுரைத்துக்கொண்டு கிடந்தது. அதில் போகத்தான் அதைவிட்டு இவ்வளவு வேகமாக ஓடிக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்ததும் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

பொன்னேரி ஸ்டேஷனில் ரயில் வந்து நின்றிருந்தது. ஓடிப்போய் ஏறினோம். ஏறிய பிறகுதான் அது நகர்கிற வேகம் தெரிந்தது. மாட்டுவண்டி தேவலை! ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நின்று, ஆளைக் கூப்பிட்டு, ஏற்றி, விசாரித்துவிட்டுப் போவதைப் போலிருந்தது எனக்கு. வழி முழுக்க நான் அவரோடு பேசவில்லை. அவர் மட்டும் ஜன்னல் வழியே மரங்கள் ஆடுவதைப் பார்த்து, "காத்து கொறையவே இல்ல, எப்புட்றா எடுக்கறான்?" என்று தனக்குத் தானே கேட்டுக்கொண்டு வந்தார். சென்ட்ரலில் இறங்கி ஆட்டோ. ஆட்டோக்காரரிடம் "அண்ணே, கப்பலு போய்டும்ணே!" என்று நான் கத்தியதில் அவர் எந்தச் சந்தில் நுழைந்தார், எங்கே வெளியே வந்தார், கடவுளுக்குத்தான் தெரியும்.

கேட்டைச் சாத்தவில்லை. சாத்தப் போகிறார்கள், ஆனால் சாத்தவில்லை! எங்களுக்குப் பின்னால் ஒருவரும் இல்லை, நாங்கள்தான் கடைசி. எங்களுக்கு முன்னால் வரிசையில் நின்ற கோயமுத்தூர்க்கார அம்மா மடிப்புக் கலையாத சுடிதாரில் பளிச்சென்று இருந்தார். முந்தின நாளே ரயிலில் வந்து, ஓட்டலில் தங்கி, நிதானமாகக் குளித்துச் சாப்பிட்டு வந்தவர். எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன்.

"உங்களுக்கென்னங்க, கடலோரமே குடியிருக்கீங்க. நெனச்சா வந்து ஏறிக்கலாம்" என்றார்.

வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டேன். தலை கலைந்து, ஐஸ் தண்ணீரில் புடவை நனைந்து, மீன் வாடையோடு நிற்கிறவளிடம் சொல்கிற பேச்சா அது? ஆனால் கோபம் நிலைக்கவில்லை. ஏனென்றால் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். ஐயோ, அந்தக் கப்பல்! வெள்ளை வெளேரென்று, மாடி மாடியாக, ஒரு தெருவையே தூக்கி நிறுத்தின மாதிரி. என் வீட்டுக்காரர் அண்ணாந்து பார்த்தபடியே நின்றார்.

"இதுக்கு இன்னாத்த காத்து?" என்றார் மெதுவாக. அதுதான் அவர் என்னிடம் கேட்ட மன்னிப்பு. சரி போ என்று விட்டுவிட்டேன்.

உள்ளே போனதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. லிப்டில் மூன்று முறை சும்மாவே ஏறி இறங்கினோம். மேல்தளத்தில் நீச்சல் குளத்தைப் பார்த்து அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "கடலுக்கு நடுவுல குட்ட வெட்டி வச்சிக்கிறான் பாருமே!" சாப்பாட்டுக் கூடத்தில் மீன் துண்டு ஒன்றை முகர்ந்து பார்த்துவிட்டு, "இது செத்து எத்தினி நாளாச்சோ" என்று பக்கத்து மேசைக்குக் கேட்கும்படி சொன்னார். நான் காலை மிதித்தேன். பிறகு இரண்டு பேரும் மூன்று வகை இனிப்பை ஒரே தட்டில் அடுக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தோம்.

கப்பல் நகர்ந்தது முதலில் தெரியவே இல்லை. கரைதான் நகர்ந்தது. இடது பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன், விடவில்லை. மற்றவர்கள் எல்லோரும் பாட்டு போடுகிற பக்கம் போய்விட்டார்கள். எனக்கெதற்குப் பாட்டு? வடக்கே போகும்போது நிலம் இந்தப் பக்கம்தான். எண்ணூர்ப் புகைபோக்கிகள் போயின. காட்டுப்பள்ளியின் கிரேன்கள் போயின. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது.

"அதோ" என்றார் அவர்.

நெருப்புக்குச்சியை நட்டு வைத்தது போலிருந்தது எங்கள் லைட்ஹவுஸ். அதன் அடியில் ஒரு கருப்புக் கோடு. அவ்வளவுதான். தெரு எங்கே, வீடு எங்கே, மேட்டில் இழுத்துப் போட்ட போட்டுகள் எங்கே? கண்ணைக் கசக்கிக் கசக்கிப் பார்த்தேன். கோடு கோடாகவே இருந்தது.

"போட்டு இம்மாந் தூரம் வருமா?" என்று கேட்டேன்.

"இத்தத் தாண்டியும் போவோம்."

"இவ்ளோ தூரம் வேணாம். நான் போட்டு மறையற வரைக்கும் நிக்கறேனே, அங்கேருந்து பாத்தா?"

அவர் கம்பியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"யோவ், சொல்லுய்யா."

"அலைய தாண்டிட்டா ஆளுங்க ஒண்ணும் கண்ணுக்கு ஆப்டாதுமே. மரம் ஆப்டும், லைட்டவுசு ஆப்டும்."

தொழிலுக்குப் போய்த் திரும்பி வரும் நாளெல்லாம் அவர் சொல்வாரே! கடைசி வரைக்கும் நின்னுக்கினு இருந்த, மஞ்சப் பொடவ காத்துல பறந்துச்சு, பாத்தேன் என்று. பச்சை கட்டினால் பச்சை என்பார். ஒருநாளும் தப்பாகச் சொன்னதில்லை. அதைக் கேட்பதற்காகவே நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு கரைக்குப் போயிருக்கிறேன்.

"அப்போ பொடவ கலரு?"

"கெளம்பும்போதே பாத்து வச்சுக்குவேன்."

"எதுக்குய்யா இத்தினி வருசம் பொய் சொன்ன?"

"ஆப்டலன்னு சொன்னா நீ நிக்க மாட்ட" என்றார். கரையைப் பார்த்தபடிதான் பேசினார். "நீ நிக்கறன்னு நெனச்சுக்கினே போவேன். எனக்கு அது வேணும்."

கோபத்தில் அவர் தோளில் ஓங்கி ஒன்று வைத்தேன். கண்ணீர் வந்துவிட்டது. அடித்த கையை எடுக்கவும் மனசில்லை, அங்கேயே வைத்துக்கொண்டேன். எவ்வளவு நேரம் அப்படி நின்றோமோ, என் போன் அடித்தது. பக்கத்து வீட்டு அக்கா. விட்டு விட்டுத்தான் கேட்டது. பின்னால் காற்று இரைச்சல், பெண்கள் போடுகிற கூச்சல், அலை.

"தங்கச்சி! கப்பலு ஆப்டுது! வெள்ளையா, கொய்யாப் பூவாட்டம்! நாங்க எல்லாரும் கரையிலதான் நிக்கறோம். நான் கல்யாணப் பொடவ கட்டிக்கினு வந்துக்கிறேன், செவப்பு! முந்தானைய அவுத்து ஆட்டறேன் பாரு! ஆப்டுதா? ஏய், ஆப்டுதா?"

நான் அந்தக் கருப்புக் கோட்டைப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார்.

"ஆப்டுதுக்கா!" என்று கத்தினேன். "நல்லா ஆப்டுது! நீதான் முன்னாடி நிக்கற! செவப்பு எப்புடிப் பறக்குது தெரியுமா!"

போனுக்குள் கரையே ஆர்ப்பரித்தது. என் வீட்டுக்காரர் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. நான் புடவைத் தலைப்பை உருவி, கம்பிக்கு மேலே எட்டி, கை வலிக்கிற வரைக்கும் ஆட்டினேன்.