இரண்டும் நல்லாத்தான் இருக்குதுங்க

1957ஆம் ஆண்டு ஆகஸ்டு 19, திங்கட்கிழமை, காலை பத்தேகால் மணிக்குப் பூவாத்தாள் கோயமுத்தூரின் ஒரு கண் மருத்துவமனைக்குள் வந்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். கண்ணாடிக்கு அளவு பார்க்கும் வரதராஜுலு அவளுடைய சீட்டைப் படித்தார்: வயது முப்பத்தாறு, பஞ்சாலையில் நூலைச் சிட்டமாகச் சுற்றும் ரீலிங் வேலை, மதியத்துக்கு மேல் நூல் கலங்கித் தெரிகிறது.

அறுந்த இழைகளை முடிச்சுப் போட்டு இணைப்பதில் பிசகு வருகிறதாம். வியாழக்கிழமை மேஸ்திரி எதிரில் முடிந்து காட்ட வேண்டும். தவறினால் வேலை போய்விடும். புருஷன் இல்லாத வீட்டில் இரண்டு பெண்கள்.

முதல் முறை, எழுத்தறியாதவர்களுக்கான அட்டையின் கடைசி வரிவரை குறிகளின் திசையைக் கையால் காட்டியவள், மறுமுறை நடுவரியிலேயே தடுமாறினாள். வரதராஜுலு வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டார்.

“முன்னே போட்டது தெளிவா, இதுவா?”

“ரெண்டும் நல்லாத்தான் இருக்குதுங்க.”

“ஏதாவது ஒண்ணு மங்கலா இருக்குமே, அம்மணி.”

“உங்களுக்கு எது தோதோ அதையே போடுங்க.”

பதினொரு வருட அனுபவம் அன்று அவருக்குக் கைகொடுக்கவில்லை. ஒருமுறை தூரப்பார்வை என்றது அளவு. அடுத்த முறை கிட்டப்பார்வை என்றது. ஓயாமல் நூலைப் பார்த்து இறுகிப்போன கண் தன் உண்மையான அளவை மறைக்கிறதோ என்று ஐயுற்றார். சொட்டு மருந்து விட்டால் இறுக்கம் தளரும்; ஆனால் மூன்று நாளைக்குக் கிட்டத்தில் எதுவும் தெரியாது. பூவாத்தாள் மருந்து வேண்டாமென்று சொல்லவில்லை. வியாழக்கிழமை என்று மட்டும் மெல்லச் சொன்னாள்.

அதிக முறை வந்த அளவையே அவர் எழுதினார்: கிட்டப்பார்வைக்கான குழிவில்லை. புதன்கிழமை கண்ணாடியை மாட்டிவிட்டு ஓர் அறுந்த இழையைக் கொடுத்தார்; நொடியில் முடிந்தாள். முடிந்தது கண்ணா, பழகிய விரலா என்று அவர் யோசிக்கவில்லை.

“ஒத்து வரலேன்னா வாங்க. காசில்லாமே மாத்திக் கொடுத்துப்போடறேன்.”

அவள் வரவில்லை. ஒத்துவந்துவிட்டது போலும் என்று சிலநாள் நினைத்தார்; சிலநாள் அப்படி நினைக்க முடியவில்லை.

1961 தை மாதம், கல்யாணத்துக்காகக் காங்கேயம் போயிருந்தார். எண்ணெய் ஆலையின் களத்தில் கொப்பரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்த ஒருத்தி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியபடி நிமிர்ந்தாள்.

“ஏனுங்கய்யா, சௌக்கியமுங்களா?”

அந்த வியாழக்கிழமையைப் பற்றிக் கேட்டார். வேலை அன்றைக்கே போய்விட்டதாகச் சிரித்துக்கொண்டே சொன்னாள். கண்ணாடி போட்டால் நூல் நீந்தியதாம், கழற்றினாலும் நிற்கவில்லையாம்.

“அப்பவே வந்திருக்கலாமே, அம்மணி?”

“அத்தனை நேரம் மெனக்கெட்டு மாட்டி மாட்டிப் பாத்தீங்க. சரியில்லீங்கன்னு எந்த மூஞ்சியை வெச்சுட்டு வந்து சொல்றதுங்க?” என்றவள், அவர் முகம் வாடுவதைக் கண்டு, “தூரத்துல பஸ் வாரதைப் பாக்கறதுக்கு நல்லாத்தான் இருக்குதுங்க,” என்று சேர்த்துக்கொண்டாள்.

அது மெய்யா, தன்னைத் தேற்றச் சொன்னதா என்று வரதராஜுலுவுக்கு விளங்கவில்லை. மருந்து விட்டு ஒழுங்காக அளவு பார்க்கிறேன், திங்கட்கிழமை வாருங்கள் என்று வற்புறுத்தினார்.

“வாரேனுங்க,” என்றாள் பூவாத்தாள்.

கோயமுத்தூர் திரும்பியதும் அவளுடைய பழைய சீட்டைத் தேடி மேசைமேல் எடுத்து வைத்தார். 1968இல் அவர் ஓய்வுபெறும்வரை அது அங்கேயே இருந்தது. மாற்றித் தருவதாகச் சொன்ன கண்ணாடியை அவள் கேட்டு வரவே இல்லை.