செல்லத்தாய் அக்கா ஸ்கிரீனைக் கிழிச்ச கதை... சிரிக்கிறவங்களுக்கு மட்டும்

செல்லத்தாய் அக்கா போயிட்டா. நேத்து சாயங்காலம், கழுகுமலையில, அவ மக வீட்ல... சுகர் ரொம்ப நாளா இருந்துச்சு.

எங்க ஊர் குரூப்ல ஒருத்தர் அவ போட்டோவைப் போட்டு, "ஸ்கிரீன் கிழிச்ச அக்கா காலமானார்"னு எழுதியிருக்கார். கீழ வரிசையா சிரிக்கிற பொம்மை.

சாவுச் செய்திக்கு எவனாவது சிரிப்பானா? வாயில நல்லா வருது...

சிரிச்சதுல பாதிப் பேர் அப்ப பொறக்கவே இல்லை. அதனால நானே சொல்றேன். அன்னைக்கு அவ பக்கத்துல உக்காந்திருந்தது நான்தான்.

எண்பதுகள். நானும் அக்காவும் ஒரே தீப்பெட்டி ஆபீஸ்ல குச்சி அடுக்கிட்டிருந்தோம். எனக்குப் பதினெட்டு, அவளுக்கு என்னைவிட அஞ்சாறு வயசு கூட.

அவ தம்பி முத்துராசுக்கு அங்கேயே குச்சியை மருந்துல முக்குற ரூம்ல வேலை. ஒருநாள் அந்த ரூம்ல தீப்பிடிச்சப்ப அவன் வெளிய வந்துட்டான். உள்ள இன்னும் ரெண்டு பிள்ளைங்க மாட்டிக்கிட்டாங்கன்னு சத்தம் கேட்டுத் திரும்ப உள்ள போனான்.

பிள்ளைங்க வந்துச்சு. அவன் வரல.

ஆபீஸ்காரங்க என்ன சொன்னாங்க தெரியுமா? அவன் பீடி பத்தவச்சதாலதான் தீப்பிடிச்சதாம். பீடி நாத்தமே ஆகாத பையன்.

கணக்கப்பிள்ளை போலீஸ்கிட்ட அப்படிச் சொன்னதை நாங்க எல்லாரும் நின்னு கேட்டோம். ஒருத்தி வாயைத் திறக்கல, என்னையும் சேத்து... இப்ப நினைச்சாலும் பத்திக்கிட்டு வருது.

ஆறேழு மாசம் கழிச்சு ஊருக்கு வெளிய டூரிங் டாக்கீஸ்ல ஒரு டப்பிங் படம் வந்துச்சு. முகமூடி, முதுகுல சிவப்புத் துணி, கையை நீட்டுனா வானத்துல பறப்பான்... இப்ப சூப்பர்ஹீரோன்னு சொல்றீங்களே, அதேதான்.

பருத்தி எடுத்து முடிச்ச நேரம். இடைசெவல்ல இருந்தெல்லாம் சைக்கிள் மிதிச்சு வந்து பாத்தாங்க.

சனிக்கிழமை வேலை முடிஞ்சதும் அக்காவைக் கூப்பிட்டேன். அவ ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா.

"கடைசில அவன் செத்துருவானாட்டி? அப்படின்னா நா வரல."

"அவன் எப்படிக்கா சாவான்? பறந்து போயிருவாம்லா."

கஞ்சி கொண்டுபோன தூக்குவாளியோட அப்படியே போனோம், ஃபர்ஸ்ட் ஷோ. பொம்பளைங்க பக்கம், மணல்ல, முன்னாடி.

அக்கா சிரிச்சா. நிஜமா சிரிச்சா... முத்துராசு போனப்புறம் அவ பல்லை நான் அன்னைக்குத்தான் பாத்தேன்.

கடைசில ஒரு பள்ளிக்கூடம் எரியுது. ஹீரோ உள்ள போறான். பிள்ளைங்க ஒவ்வொண்ணா வெளிய வருது. கூரை விழுது... ஸ்கிரீன்ல "வணக்கம்"னு போட்டுட்டான்.

யாரும் எந்திரிக்கல. பறக்கத் தெரிஞ்சவன் சாவான்னு ஒருத்தரும் நினைக்கல. இன்னொரு ரீல் இருக்கும்னு உக்காந்திருந்தாங்க.

"ஏலே, மிச்ச ரீலப் போடுல."

"வெட்டிட்டாம்ல. அந்த ஆப்பரேட்டரப் பிடி."

ஆம்பளைங்க பக்கம் பெஞ்சைப் போட்டு மிதிக்கிறாங்க, மணலை அள்ளி எறியுறாங்க. எனக்குப் பின்னால ஒரு அம்மா நெஞ்சுல அடிச்சுக்கிட்டு அழுதுட்டிருக்காங்க.

அப்பதான் அக்கா எந்திரிச்சா. தூக்குவாளியை ஓங்கி எறிஞ்சா. "வணக்கம்" நடுவுல ஒரு முழத்துக்குத் துணி கிழிஞ்சு தொங்குச்சு.

டாக்கீஸ் முதலாளி ஓடி வந்தார்.

"எவட்டி எறிஞ்சது?"

"நாந்தான்."

"எதுக்கு?"

"கை தவறிட்டு."

மொத்தக் கூட்டமும் சிரிச்சுது. அதுவரைக்கும் அழுதவங்க, ஆப்பரேட்டரை அடிக்கப் போனவங்க, எல்லாரும்தான். அந்தச் சிரிப்புதான் இன்னும் குரூப்ல ஓடிட்டிருக்கு.

மறுநாள் முதலாளி அவளையே தைக்கச் சொல்லிட்டார். வெயில்ல ஸ்கிரீனை மணல்ல விரிச்சு, கோணி ஊசியை வச்சுத் தச்சா. நான் துணியை இழுத்துப் பிடிச்சுக்கிட்டேன்.

அப்புறம் அந்த டாக்கீஸ் இருந்த வரைக்கும் எந்த ஹீரோ வந்தாலும் கன்னத்துல அந்தத் தையல் இருக்கும்.

இனிமே சொல்றதை நாற்பது வருஷமா நான் யார்கிட்டயும் சொன்னதில்லை.

அந்தப் படத்தை நான் முந்தின நாளே பாத்துட்டேன். அத்தை வீட்டு ஆளுங்களோட. அவன் செத்துருவான்னு எனக்குத் தெரியும்.

மறுபடி பாக்க ஆசை. வீட்ல தனியா விட மாட்டாங்க, துணைக்கு ஆள் வேணும்... அதுக்காகப் பொய் சொன்னேன். தம்பியைத் தீயில குடுத்தவகிட்ட. சீ.

தைக்கும்போது அக்கா தலையை நிமிராமலே சொன்னா.

"நீ முன்னாடியே பாத்துட்டன்னு எனக்குத் தெரியும்ட்டி. சண்டை வாரதுக்கு முந்தியே கையத் தட்டுன."

ஊசியை இழுத்துட்டு அவளே மேல சொன்னா.

"அதான் கூரை விழுந்ததும் உன் மூஞ்சியப் பாத்தேன். அவன் வந்துருவாம்னா நீ சிரிப்பேல்லா... நீ குனிஞ்சுட்ட."

அதுக்கப்புறம்தான் அவ தூக்குவாளியை எறிஞ்சிருக்கா.

முதலாளிகிட்ட அவ என்னைக் காட்டிக் கொடுக்கல. நான் பக்கத்துலயே நின்னேன்... "இவ தம்பியும் இப்படித்தான்யா செத்தான்"னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லல.

சிரிக்கிற பொம்மை போட்டவங்க அதை எடுங்க. சிரிச்சே ஆகணும்னா என் பேரைப் போட்டுச் சிரிங்க.

காலையில போயிட்டு வந்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள்ள படுத்திருந்தா.

இன்னைக்கு நான் குனியலக்கா. உன் மூஞ்சியையே பாத்துக்கிட்டு நின்னேன்.

போ... முத்துராசு வெளிய வந்து நிப்பான்.