முப்பது கெஜத்துக்கு மேல் வேண்டாம்

யாங்கோனில் யாரிடமும் தூரம் கேட்கக் கூடாது. ஆற்றுக்கு அக்கரை டாலாவில் படகை விட்டு இறங்கி, கரையோர டீக்கடையில் நாம் போக வேண்டிய இடம் எவ்வளவு தூரம் என்று கேட்டால் "பக்கம்தான்" என்பார்கள். நம்பி நடந்தால் வெயிலில் கருகிப் போவோம். அவர்கள் ஏமாற்றுவதில்லை. "தூரம்" என்று சொல்லி வந்தவளைச் சோர்ந்துபோக வைக்க அவர்களுக்குச் சங்கடம். இந்தச் சங்கடத்துக்கு இங்கே 'அனாதே' என்று பெயர். எதிரில் இருப்பவரின் முகம் வாடுமென்றால் அந்த வார்த்தையை விழுங்கிவிட வேண்டும். பர்மியர், இங்கேயே பிறந்த தமிழர், மலையிலிருந்து வந்த சின் மக்கள் எல்லோரும் இதில் ஒன்றுதான். நானோ திருச்சிக்காரி. கியாக்டடாவில் ஒரு கட்டுமான அலுவலகத்தில் நில அளவைப் பொறியாளர். தூரத்தைச் சரியாகச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

டீக்கடையோடு இது நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். என் கணவர் ஜோசப் இதே யாங்கோனின் தாகேதா பேட்டையில் பிறந்த தமிழ்க் கிறிஸ்தவர். அவர் தங்கை மேரி கட்டிக்கொண்டது சின் மலைக்காரரான லியானை. வருடத்தில் பாதி லியான் மலையில் சோளக் காட்டோடு இருப்பார், மேரி தாகேதாவில் எங்களோடு. மலைக்குச் சுலபமாகப் போய்வர முடிந்த வருடங்களில், கிறிஸ்துமஸுக்கு லியானின் ஊருக்குப் போவோம். சோளக் காட்டை அழிக்கும் பன்றிகளை அங்கே நாட்டுத் துப்பாக்கியால் சுடுவார்கள். குழல் வாய் வழியாகக் கருமருந்தைக் கொட்டி, ஈயக் குண்டைப் போட்டுக் கம்பியால் இடித்து, சக்கிமுக்கிக் கல்லின் பொறியில் வெடிக்க வைக்கும் சாமான் அது. ஒரு வெடி வெடித்தால் மறுபடி எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும்.

முதல் தடவை போனபோது பலகையில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வட்டம் போட்டு ஜோசப்பைச் சுடச் சொன்னார்கள். பன்றியின் நெஞ்சுப் பகுதி ஏறக்குறைய அவ்வளவுதான். நாற்பது கெஜத்தில் எல்லாக் குண்டும் வட்டத்துக்குள் விழுந்தன. அறுபதில் பாதி வெளியே. எண்பதில் ஒன்றே ஒன்று உள்ளே விழுந்தது, அதுவும் எப்படி விழுந்தது என்று அந்தக் குண்டுக்கே தெரியாது. ஊரே கைதட்டியது. மீதிக் குண்டுகள் எங்கே போயின என்று ஒருவரும் கேட்கவில்லை. அன்றிலிருந்து ஜோசப் எண்பது கெஜத்து வேட்டைக்காரர். மறுநாள் காட்டில் அதே நம்பிக்கையில் எட்டத்தில் நின்ற பன்றியைச் சுட்டார். அது காயத்தோடு மூங்கில் புதருக்குள் ஓடியது. பின்னாலேயே லியானின் நாய் போனது, அதன் பின்னால் லியான். நாய் திரும்பவில்லை. லியான் தொடையில் கிழிசலோடு நொண்டிக்கொண்டு வந்து, "நல்ல குறி மச்சான், பன்றிதான் அசைஞ்சிடுச்சு" என்றார்.

அடுத்த டிசம்பரில் ஜோசப்பைக் கூட்டிப்போக லியான் தாகேதாவுக்கு வந்திருந்தார். மேரியும் நானும் வீட்டில் இருந்துகொள்வதாகப் பேச்சு. இரவுச் சாப்பாட்டில் ஜோசப் ஆரம்பித்தார்.

"மச்சான், இந்த வருசமும் எண்பது கெஜத்துலேயே போட்டுக் காட்டுறேன் பாருங்க."

லியான் புன்னகையோடு சோற்றைப் பிசைந்தார். மேரி ஙாப்பி மீன் விழுதுக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"கோ லியான், அவர் எவ்வளவு தூரம்வரைக்கும் சுடலாம்?" என்று பர்மிய மொழியில் கேட்டேன். 'கோ', 'மா' இரண்டும் இங்கே பெயருக்கு முன்னால் போடும் மரியாதை.

"அவருக்குச் சரின்னு படுற தூரம் வரைக்கும், மா செல்வி."

"உங்களுக்குச் சரின்னு படுற தூரம் எது?"

"நல்லாச் சுடுறாரே." கண்ணைத் தட்டிலிருந்து எடுக்கவில்லை.

"அண்ணி, இங்கெல்லாம் இப்படி மூஞ்சிக்கு நேரா கேக்கமாட்டாங்க" என்று மேரி தமிழில் முணுமுணுத்தாள்.

"சரி, காயம்பட்ட பன்றிக்குப் பின்னால யார் போவா? அதையாவது சொல்லச் சொல்லு."

தமிழ் ஓரளவு புரிந்த லியான் அதற்கு மட்டும் உடனே பதில் சொன்னார். "நான்தான். விருந்தாளியை அனுப்ப முடியுமா?"

பிறகு மெல்ல மெல்ல வெளியே வந்தது. போன வருடம் ஜோசப்பை உட்காரவைக்க லியான் யோசித்துத்தான் இடம் பிடித்திருந்தார். அங்கிருந்து பார்த்தால் எதிரே ஒரு பாறைவரைதான் தெரியும். பாறைவரை முப்பது கெஜம்கூட இருக்காது. அதற்கு மேல் கண்ணுக்கே தெரியாவிட்டால் சுட முடியாது அல்லவா, அதுதான் ஏற்பாடு. ஜோசப்போ நல்லாத் தெரியட்டும் என்று மேட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். காரணத்தை யாரும் சொல்லவில்லையே, அவருக்கு எப்படித் தெரியும்?

வாயால் சொல்ல வேண்டிய ஒரு கணக்கைப் பாறையை வைத்துச் சொல்லியிருக்கிறார்கள். குண்டு போய்ச் சேரும் தூரம் வேறு, சுடத் தகுந்த தூரம் வேறு என்று விரல்விட்டு எண்ண ஆரம்பித்தேன். ஒன்று, அதிர்ஷ்டத்தில் பட்ட ஒரு குண்டு கணக்கில் வராது. எல்லாக் குண்டும் வட்டத்துக்குள் விழுந்த நாற்பது கெஜம்தான் அளவு. இரண்டு, அது துப்பாக்கியை மேடையில் சாய்த்து நிதானமாகச் சுட்ட அளவு. காட்டில் மூச்சு வாங்கும், கை நடுங்கும், அதற்காகக் குறைக்க வேண்டும். மூன்று, விசையை இழுத்தபிறகு மருந்து பிடிக்க ஒரு கணம் ஆகும், அதற்குள் பன்றி ஓரடி வைத்துவிடும். நான்கு, உருண்டைக் குண்டு சீக்கிரம் வேகம் இழந்து தாழும். ஐந்து, புகை அடங்கும்வரை பட்டதா இல்லையா என்றே தெரியாது, இரண்டாவது வெடிக்கும் வழியில்லை. ஆறு, பள்ளத்தாக்கின் குறுக்கே தெரியும் எதுவும் இருப்பதைவிடக் கிட்டத்தில் தெரியும்.

"முப்பது கெஜம். அதுக்கு மேல வேண்டாம்" என்றேன் ஜோசப்பிடம். "உங்க எண்பதுக்கு நாய் போச்சு. அடுத்தது உங்க தங்கச்சி புருசன்."

"என்னம்மா நீ, எல்லார் முன்னாலயும்... மச்சான் ஒண்ணும் சொல்லலியே!"

அவர் லியானைப் பார்த்தார். லியான் தண்ணீர் குடித்தார். ரொம்ப நேரம் குடித்தார். பிறகு, "அந்த மூங்கிலுக்குள்ள முப்பதே தாராளம், மச்சான்" என்றார். ஜோசப்பின் முகம் சிவந்தது. இரண்டு நாள் என்னோடு அவர் பேசவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மலையிலிருந்து போன் வந்தது. ஜோசப்தான். சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. "பன்னி வந்துச்சு. பாறைக்கு அப்பால நின்னுச்சு. நல்லாப் பெருசு. சுடலை. மச்சான் பக்கத்துலதான் உக்காந்திருக்காரு. கோழி அடிக்கப் போறோம்."

மேரி சுவரில் சாய்ந்து அழுதாள், பிறகு சிரித்தாள். "அண்ணி, இனி இந்த மாதிரி எல்லாத்தையும் நீங்களே சொல்லிடுங்க. எங்களால ஆகாது."

விளையாட்டாகச் சொன்னாள் என்றுதான் நினைத்தேன். அது வேலை நியமனம். தண்ணீர் மோட்டாரை இரவல் வாங்கித் திருப்பித் தராத பக்கத்து வீட்டுக்காரரிடம், உறவுக்காரப் பெண்ணைக் கேட்டு வந்த பொருந்தாத வரனின் அம்மாவிடம், பாட்டுச் சத்தத்தைக் குறைக்கச் சொல்லிக் கடைக்காரரிடம், எல்லோரிடமும் நான்தான் பேச வேண்டும். இவர்களைப் போலவே நானும் விழுங்கப் பழகிவிட்டால் இந்த வீட்டில் எனக்கு வேலை இருக்காது. திருச்சிக்குப் போன் செய்தாலோ, "ஏண்டி எதைக் கேட்டாலும் மழுப்புறே, அந்த ஊர்க்காரியாவே ஆயிட்டியே" என்று அம்மா திட்டுகிறாள்.

வாசலில் யாராவது வந்து நின்றால் இப்போதெல்லாம் மொத்தக் குடும்பமும் என் பின்னால் வந்து சேர்ந்துகொள்கிறது. மேரியின் கை, ஜோசப்பின் கை, ஊரிலிருந்து வந்திருந்தால் லியானின் கையும், என் முதுகில் மெதுவாகப் பதிகின்றன. இந்த ஊரில் என்னை இவ்வளவு உரிமையோடு தொடுவது அந்தக் கைகள் மட்டும்தான். அவைதான் என்னை வெளியே தள்ளுகின்றன.