கட்டைவிரலைப் பார்த்தவர்

ஆரோக்கியசாமி சார் இறந்துபோன செய்தி எனக்கு ஒரு கோப்பாக வந்தது. வேடசந்தூர் பேருந்தில் இருந்தேன். அவருடைய மகள் அனுப்பியிருந்ததைத் திறந்தேன். சுவரொட்டி அளவுக்குச் செய்த பக்கம், போன் திரையில் தீப்பெட்டி அட்டை போலச் சுருங்கி நின்றது. விரலால் விரித்தேன். முதலில் பூசை நேரம் தெரிந்தது. நகர்த்தினேன், கல்லறைத் தோட்டத்தின் பெயர். யாருக்கு என்று தேடி மேலே போன பிறகுதான் அவர் முகம் வந்தது. அந்த நொடியில் எனக்குத் தோன்றியது, இதை சாரிடம் காட்ட வேண்டும் என்பதுதான். அவர் இல்லை என்பது அடுத்த நிறுத்தத்தில்தான் உறைத்தது. இறங்கி, திண்டுக்கல்லுக்குத் திரும்பும் பேருந்தைப் பிடித்தேன்.

எங்கள் செய்தி மடலை வாசிக்கும் உங்களுக்கு அவர் குரல் தெரிந்திருக்கும். ரெட்டியார்சத்திரம், கன்னிவாடிப் பக்கத்து விவசாயிகளுக்கு மாதம் ஒருமுறையும், நோய் பரவும் காலத்தில் உடனுக்குடனும், பயிர்க்குறிப்புகளை வாட்ஸப்பில் அனுப்பி வருகிறோம். எழுதித் திருத்துவது என் வேலை. பக்கம் அமைத்து அனுப்புவது அவர் வேலை. கல்வித் தகுதியில் இருவரும் ஒரே நிலை. அவர் இயற்பியல், நான் தமிழ். பத்தாண்டுகளுக்கு மேல் அடுத்தடுத்த மேசையில் உட்கார்ந்து ஒரே விஷயத்துக்காகச் சண்டை போட்டோம். எந்த வடிவில் அனுப்புவது?

நான் பி.டி.எஃப். கட்சி. நாம் அமைத்த பக்கம் அமைத்தபடியே போய்ச் சேரும், எழுத்துரு மாறாது என்பது என் வாதம்.

"உங்க பி.டி.எஃப். கண்ணாடி அலமாரில வச்ச வெஞ்சனம் மேடம்," என்பார். "பாக்கலாம். சாப்பிட முடியாது. ஒரு வரி வாசிக்க எத்தன தடவ இங்கிட்டும் அங்கிட்டும் இழுக்கிறது?"

"உங்க வேர்டு கோப்பு மட்டும்? போற வீட்டுக்கெல்லாம் சட்டைய மாத்திக்கிது."

"மாத்திக்கட்டுமே. அந்தந்த வீட்டு அளவுக்குத் தச்சுக்கிது."

ஒருமுறை மின்னூல் வடிவத்தையும் முயன்று பார்த்தார். எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமாகவே மடங்கி அமைந்தன. எனக்கே பிடித்திருந்தது. ஆனால் அதைத் திறக்கத் தனியாக ஒரு செயலி இறக்க வேண்டும். ஊருக்குள் போய்விட்டு மாலையில் திரும்பிய சார், பையைக்கூட இறக்கி வைக்காமல் சொன்னார்: "அது தேறாது மேடம். செயலிக்குப் போன்ல இடமில்ல. இருக்கிறத அழிக்கணும்னா பேரப்பிள்ள போட்டோவ அழிக்கணும். நம்ம குறிப்ப வாசிக்க யாரு அதச் செய்வா? நாஞ் செய்ய மாட்டேன்."

ஊருக்குள் போவதுதான் அவர் வேலைமுறை. புதிய மடலை அனுப்புவதற்கு முன் ரெட்டியார்சத்திரம் போய், டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்களின் போன்களுக்கு அதை அனுப்பித் திறக்கச் சொல்வார். எப்படி இருக்கிறது என்று கேட்கமாட்டார். ஒருநாள் நானும் கூடப் போயிருந்தேன். ஒரு பெரியவர் பார்த்துவிட்டு, "அருமையா இருக்கு சார்" என்றார். நான் மகிழ்ந்து குறித்துக்கொண்டேன். வெளியே வந்ததும் சார் சிரித்தார். "வாயப் பாக்காதீங்க மேடம், அது மரியாதைக்கு அப்படித்தான் சொல்லும். கட்டவிரலப் பாருங்க. அவரு ரெண்டாவது பத்தியத் தாண்டவே இல்ல." எதையும் எளிதில் நம்பாதவள் என்று என்னைப் பற்றி எனக்கு ஓர் எண்ணம் இருந்தது. அவருக்குப் பக்கத்தில் நான் வெகுளி.

மழை விட்டுவிட்டுப் பெய்த ஒரு வாரம், தக்காளியில் இலைக்கருகல் வேகமாகப் பரவியது. எந்த நோய்க்கு எந்த மருந்து, ஒரு டேங்குக்கு எவ்வளவு என்று அவசரமாக ஓர் அட்டவணை தயாரித்தோம். ஊருக்குள் போக நேரமில்லை. சார் தன் போனில் திறந்து பார்த்துவிட்டு, வேர்டு வடிவில் அனுப்பினார். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று அட்டவணையில் ஓரிடத்தில் இரண்டு கட்டங்களை ஒன்றாக இணைத்திருந்தார். அன்றைக்கு எங்களுக்குத் தெரியாதது இதுதான்: சில போன்களில் கோப்பைத் திறந்து காட்டும் செயலி அந்த இணைப்பைப் புரிந்துகொள்ளவில்லை. மருந்தின் பெயர்கள் இருந்த இடத்தில் இருக்க, அளவுகள் மட்டும் ஒரு வரிசை மேலே ஏறிவிட்டன. ஒவ்வொரு மருந்துக்கும் நேராக அடுத்த மருந்தின் அளவு.

கன்னிவாடியிலிருந்து பாண்டியம்மாள் என்பவர் சாரை அழைத்தார். சார் போனை ஒலிபெருக்கியில் போட்டார். வயலில் நின்று பேசுகிறார் என்பது காற்றின் இரைச்சலிலேயே தெரிந்தது.

"ஏஞ் சார், இம்புட்டா ஊத்தணும்? செடி வெந்து போயிராது?"

"அக்கா, செத்த நேரம் பொறுங்க. மருந்துப் பாட்டிலக் கீழ வைங்க. வச்சிட்டீங்களா? இப்ப உங்க போன்ல என்ன தெரியுதோ, அப்படியே வாசிங்க."

அவர் எழுத்துக்கூட்டி வாசித்தார். சார் குறுக்கே ஒரு சொல் பேசவில்லை. கேட்டபடியே தன் அட்டவணையை எடுத்து வரிக்கு வரி ஒப்பிட்டார்.

அனுப்பிய கோப்பைத் திரும்பப் பிடிக்க முடியாது. நாம் நம் பக்கம் அழித்தாலும், பிறர் இறக்கி வைத்ததும் அடுத்தவருக்கு அனுப்பியதும் போனது போனதுதான். குழுக்களில் குரல் பதிவு போட்டோம். எண்களைப் பங்கு பிரித்து அழைத்தோம். பலர் வயலில் இருந்ததால் எடுக்கவில்லை. சார் சட்டென்று எழுந்தார். "எல்லாரும் போனப் பாக்க மாட்டாங்க. ஆனா மருந்து வாங்க உரக்கடைக்கு வந்துதான ஆகணும்?" சரியான அளவுகளைக் கொட்டை எழுத்தில் கையால் எழுதி, நகல் எடுத்துக்கொண்டு இருவரும் கிளம்பினோம். ஒவ்வோர் உரக்கடையிலும் மருந்து அடுக்கியிருக்கும் தட்டுக்கு நேரே ஒட்டினோம்.

பாண்டியம்மாளின் தக்காளி தப்பித்தது. ரெட்டியார்சத்திரத்துக்கு அருகே ஒருவர் அதற்குள் கால் காணிக்குத் தெளித்து முடித்திருந்தார். மறுநாள் நாங்கள் போனபோது இலைகளின் ஓரம் காகிதம் போலக் காய்ந்து சுருண்டிருந்தது. அந்த மனிதர் எங்களைத் திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அவரோ சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துக் காட்டி, "பழைய போனு சார், கண்ணாடியும் ஒடஞ்சு போச்சு. நாந்தான் சரியா பாக்காம விட்டுட்டேன்" என்று எங்களுக்குச் சமாதானம் சொன்னார்.

சார் அந்தப் போனை வாங்கிக் கோப்பைத் திறந்தார். வெகுநேரம் பார்த்தார். "இல்லண்ணே. போன் சரியாத்தான் இருக்கு. கண்ணும் சரியாத்தான் இருக்கு. நான் அனுப்புனதுதான் சரியில்ல."

திரும்பும் வழியில் பேருந்தில், பி.டி.எஃப். ஆக அனுப்பியிருந்தால் இது நடந்திருக்காது என்று எனக்குள் ஓர் எண்ணம் ஓடாமல் இல்லை. அந்தப் பேச்சை அவரே எடுத்தார். அடுத்த வாரம் அதே அட்டவணையை பி.டி.எஃப். ஆக்கி, டீக்கடைக்குக் கொண்டுபோய் என்னையே பார்க்கவைத்தார். கட்டங்கள் இடம் மாறவில்லை. ஆனால் அளவை வாசிக்க விரித்த எல்லோருக்கும் மருந்தின் பெயர் திரைக்கு வெளியே போய்விட்டது. விரலால் இழுத்துப் பெயருக்குப் போனால் வரிசை தப்பியது. "ஒங்க கட்சியும் தோத்துருச்சு மேடம்" என்றார். குரலில் வெற்றி இல்லை, துணை கிடைத்த ஆறுதல்தான் இருந்தது.

அட்டவணையை அன்றோடு கைவிட்டோம். ஒரு மருந்துக்கு ஒரு படம், பெரிய எழுத்தில் பெயரும் அதன் கீழேயே அளவும். கூடவே அவர் குரலில் ஒரு பதிவு. படத்துக்குள் இருக்கும் சொல்லைத் தேடி எடுக்க முடியாது, பார்வை இல்லாதவருக்குப் போன் அதை வாசித்துக் காட்டாது என்று கடைசிவரை குறைப்பட்டுக்கொண்டேதான் இருந்தார். எந்த வடிவத்தையும் அவர் முழுதாக நம்பி நான் பார்த்ததில்லை.

அடக்கத்தின்போது பலர் அவரை நல்ல மனிதர் என்றார்கள். அந்தச் சொல் யாருக்கும் பொருந்தும். எனக்கு அது போதவில்லை. நான் படித்த படிப்பும் பார்த்த அலுவலகங்களும், வாசிக்க முடியாதவரிடம் "எதை அழுத்தினீர்கள்?" என்று கேட்கத்தான் கற்றுக்கொடுத்திருந்தன. அவர் அந்தக் கேள்வியைக் கேட்டு நான் கேட்டதில்லை.

இந்த வாரம் அவர் எண் என் மேசைக்கு மாற்றப்பட்டது. நேற்று கன்னிவாடிப் பக்கமிருந்து ஓர் அம்மா அழைத்தார். "ஒண்ணும் வெளங்கலம்மா. எனக்குப் படிப்பு கம்மி, அதான்" என்று தொடங்கினார்.

"படிப்புல ஒண்ணுமில்லம்மா, நாங்கதான் சரியா அனுப்பல போல," என்றேன். "என்ன தெரியுதோ வாசிங்க, கேட்டுக்கிறேன்."

அவர் வாசித்தார். குறுக்கே பேசாமல் இருப்பது எவ்வளவு கடினம் என்று அப்போதுதான் தெரிந்தது. முடியும்வரை கேட்டேன். சாரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அதைத்தான்.