பட்டியலில் ஆறு பேர்

ஆர்டித் பிரூயட்டுக்குப் புயல் பிடிக்கும். வருடாவருடம் சுழற்காற்று வீடுகளைப் பெயர்த்துப்போகும் அமெரிக்க ஒக்லஹோமாவில் இருந்துகொண்டு இதை வாய்விட்டுச் சொன்னால் ஊரே சண்டைக்கு வரும். அதனால் யாரிடமும் சொன்னதில்லை.

கணவர் போய்ப் பதினோரு வருடம். பள்ளிச் சமையலறை வேலையும் ஓய்வோடு முடிந்தது. எதிர்வீட்டு டாலிவர் குடும்பத்துக்குப் புயலுக்கு ஒதுங்க நிலவறை கிடையாது. வருடம் முழுக்கக் கையசைப்போடு போய்விடுகிறவர்கள், வசந்தத்தில் சுழற்காற்றுச் சங்கு ஊதினால் மட்டும் ஐந்து பேராக அவருடைய நிலவறைக்கு ஓடிவருவார்கள். முழங்கால் இடிக்க உட்கார்ந்து அவர் சுட்ட இலவங்கப்பட்டை ரொட்டியைத் தின்பார்கள். சின்னவள் அவர் மடியிலேயே தூங்கிவிடுவாள். அந்த ஒரு மணி நேரம்தான் ஆர்டித்துக்குத் திருவிழா.

நிலவறை வைத்திருப்பவர்கள் ஊர் அலுவலகத்தில் பதிந்துவைக்க வேண்டும். மேலே ஏதாவது விழுந்து கதவு அடைத்துக்கொண்டால் தீயணைப்பு ஆட்கள் தேடி வருவார்கள். எத்தனை பேர் என்ற இடத்தில் ஆர்டித் ஒவ்வொரு மார்ச்சிலும் ஆறு என்று எழுதுவார். இந்த மார்ச்சிலும் எழுதினார். பத்து நாள் கழித்து கெண்ட்ரா டாலிவர் வேலியோரம் வந்து நின்றாள்.

"அக்கா, இனிமே உங்களுக்குத் தொந்தரவு இல்ல. கார் ஷெட்டுக்கு அடியிலயே இரும்பு அறை ஒண்ணு இறக்கிட்டோம்."

"உன் புருஷன் சாக்ஸ் நாத்தம் ஒண்ணுதான்டி தொந்தரவு. மத்தபடி என்ன?"

கெண்ட்ரா சிரித்தாள். ஆர்டித்தும் சிரித்துவைத்தார். உள்ளே வந்து குழாயைத் திறந்துவிட்டு அழுதார். ஊர் அலுவலகத்துக்குப் போய்ப் பட்டியலில் அந்த எண்ணிக்கையை மாற்ற மனம் வரவில்லை.

ஏப்ரல் கடைசியில் ஒரு வியாழக்கிழமை. வானொலி காலையிலிருந்தே மூச்சுவிடவில்லை. வடக்கே பனிப்புயல், மேற்கே புழுதியும் புல்வெளித் தீயும், கிழக்கே வெள்ளம். நடுவில் இருக்கிற ஒக்லஹோமாவுக்கு ஆலங்கட்டியும் சுழற்காற்றும். பெரிய நாடு, யாரையும் வெறுங்கையோடு அனுப்பாது.

ஆர்டித் பன்னிரண்டு ரொட்டி சுட்டார். எதற்கு என்று தன்னையே திட்டிக்கொண்டுதான் சுட்டார். மாலை ஐந்து மணிக்குச் சங்கு ஊதியது. நிலவறைக் கதவைத் திறந்து பிடித்தபடி எதிர்வீட்டையே பார்த்து நின்றார். எலுமிச்சம்பழம் அளவு ஆலங்கட்டி தோளில் விழுந்த பிறகே இறங்கினார். ஆறு மடக்கு நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்தார். சற்று நேரத்தில் மேலே மரம் முறிந்து விழுந்தது. கதவைத் தள்ளிப் பார்த்தார், அசையவில்லை. கைபேசியிலும் சிக்னல் இல்லை.

அரை மணியில் ரம்பச் சத்தம் கேட்டது. கதவைப் பெயர்த்துக்கொண்டு இறங்கினான் லானி பீச்சம், தீயணைப்புப் படைத் தலைவன். ஒரு காலத்தில் அவர் கையால் மதியச் சாப்பாடு வாங்கித் தின்ற பையன்தான். டார்ச்சை மூலைக்கு மூலை அடித்தான். முகம் வெளுத்திருந்தது.

"மத்த அஞ்சு பேரு எங்கம்மா?"

"நான் மட்டுந்தான் லானி. அவங்க எதிர்வீட்லயே பத்திரமா இருக்காங்க."

"ஆறு பேர்னு போட்டிருந்துச்சு. மூணு வீட்டைத் தாண்டி முதல்ல இங்கதான் ஓடியாந்தோம்."

ஆர்டித்துக்குச் செருப்பால் அடித்ததுபோல் இருந்தது.

"அந்த மூணு வீடு?"

"இனிமேதான் போகணும்." சட்டைப் பையிலிருந்து பட்டியலை எடுத்தான். "ஒண்ணுன்னு மாத்திடட்டுமா?"

"மாத்து. ஒருத்திக்குன்னா வரமாட்டீங்களோ?"

"வராம என்னம்மா. கடைசியில வருவோம்."

"அது போதும்," என்றார் ஆர்டித். "சீக்கிரம் எழுதிட்டுக் கிளம்பு."