ராணுவ பேண்டுப் பெட்டியில் ஒளித்த இசைத்தட்டு

போன வருடம் ஒரு சனிக்கிழமை, சிட்னியின் நார்த்மீட்டில் ஒரு சர்ச் வளாகத்தில் பழைய பொருள் விற்பனை. மகளை டூங்கபி தமிழ்ப் பள்ளியில் விட்டுவிட்டு, வகுப்பு முடியும்வரை சும்மா பார்த்து வரலாம் என்று போனேன். சும்மா என்பது கணவருக்குச் சொன்னது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் பழைய ப்ளூஸ் பாட்டு, சர்ச்சில் பாடும் காஸ்பல் பாட்டு, இவற்றின் இசைத்தட்டுகள் என்றால் எனக்குப் பைத்தியம். மதுரைக்காரிக்கு இது எப்படிப் பிடித்தது என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது.

கடைசி மேஜைக்கு அடியில் ஒரு பெட்டி. புரட்டிக்கொண்டே வந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். நான்கு பெண்கள் பாடிய காஸ்பல் தட்டு! இணையத்தில் பெயர் மட்டும்தான் கிடைக்கும், பாட்டை யாரும் ஏற்றியதில்லை. ஆறு வருடமாகத் தேடியது.

மணியைப் பார்த்தால் பள்ளி விடும் நேரம். பணம் கட்டும் வரிசையோ வாசல்வரை. இசைத்தட்டுத் தேடுகிறவர்கள் பலரும் செய்கிற திருட்டுத்தனத்தை நானும் செய்தேன். யாரும் தொடாத ராணுவ பேண்டு வாத்தியத் தட்டுகளின் பெட்டியில் அதைச் செருகிவிட்டு, மகளை அழைக்க ஓடினேன்.

திரும்பி வந்தால் அந்தப் பெட்டியையே காணோம். உதவிக்கு நின்ற யாழ்ப்பாணத்து அங்கிளிடம் கேட்டேன். விலைபோகாததை எல்லாம் இப்போதுதான் பின்னால் இருக்கும் குப்பைத் தொட்டியில் கொட்டியதாகச் சொன்னார். அரக்கில் செய்த தட்டு, விழுந்தால் அப்பளம்தான்.

ஒளித்து வைத்த கதையை உளறிக் கொட்டினேன். அவர் திட்டவில்லை. சட்டைக் கையை மடித்துக்கொண்டு என்னோடு தொட்டிக்குள் குனிந்தார். மகள் என்னைத் தெரியாதவள் மாதிரி தள்ளி நின்றாள். உடைந்த துண்டுகளுக்கு நடுவே அவர் கையில்தான் அது அகப்பட்டது. ஓரத்திலிருந்து ஒரு விரிசல்.

"என்னட்ட ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா எடுத்து வச்சிருப்பனே, பிள்ளை" என்றார்.

தலையைக் குனிந்துகொண்டே தட்டுக்கான பணத்தை அவரிடம் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் போட்டேன். அந்த நான்கு குரல்களும் சேர்ந்து எழுந்தபோது கத்தியேவிட்டேன், மகளின் கையைப் பிடித்து ஆடினேன். ஆனால் பாட்டின் தொடக்கத்தில், ஒவ்வொரு சுற்றுக்கும் 'டக்' என்று ஒரு சத்தம். இன்றும் யாருக்காவது போட்டுக் காட்டும்போது, அந்தச் சத்தம் எதனால் வந்தது என்று நானே முதலில் சொல்லிவிடுகிறேன். அதை மறைத்துவிட்டு அந்தப் பாட்டை ரசிக்க என்னால் முடியவில்லை.