மூன்றாம் மேசைக் கம்பி

பச்சை நூல் சுற்றிய கம்பிச்சுருள் அது. அதில் தொங்கிய அட்டையில் ‘மாங்கனின்’ என்று உலோகத்தின் பெயர் எழுதியிருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், திருவண்ணாமலையில் நான் இயற்பியல் படித்த கல்லூரியில், செய்முறைத் தேர்வன்று மூன்றாம் மேசையில் எனக்கு வாய்த்தது. அதன் மின்தடை எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். கம்பி நீளமானால் மின்தடை கூடும், தடிமனானால் குறையும். மின்தடை எண் மட்டும் அந்த உலோகத்தின் பிறவிக் குணம், யார் அளந்தாலும் ஒன்றுதான். அதுதான் எங்களுக்கு வசதி. புத்தகத்து விடையை முதலில் எழுதிவிட்டு, அதற்கேற்ற அளவுகளைப் பின்னாலிருந்து கணக்குப் போட்டு நிரப்புவது எங்கள் ஆய்வக வழக்கம். மாங்கனினுக்கு நாற்பத்து நான்கு. பின்னால் வரும் பத்தின் அடுக்கை யாரும் வாயால் சொல்வதில்லை. எனக்கு வந்தது நூற்றுப் பத்து. என் கைராசி எனக்குத் தெரியும். சைக்கிளுக்குக் காற்றடித்தாலே டயர் வெடிக்கும். மறுபடி அளக்கும் சிரமமில்லாமல் நாற்பத்து நான்கை வரவழைத்தேன்.

வெளியே என் ஆய்வகக் கூட்டாளி நின்றிருந்தான், கீழ்பென்னாத்தூர்க்காரன். மதியப் பிரிவில் அவனுக்கும் அதே மேசை. பின்னாலிருந்து கணக்குப் போடாத ஒரே ஆள்.

“இன்னாடா, எவ்ளோ வந்துச்சி?”

“நாப்பத்தி நாலு. தேர்ல வர்ற சாமி மாதிரி ஜம்முனு வந்துச்சி.”

“புக்குல இருந்தா, கம்பியில இருந்தா?”

“கம்பி மேல சத்தியம்டா.”

சாயங்காலம் சட்டை நனைந்து வெளியே வந்தான். ஐந்து தடவை அளந்தானாம். ஐந்து தடவையும் நூற்றுப் பத்து. அதையே எழுதிக் கொடுத்தான். தோற்றான். பட்டத்தை நம்பிச் சென்னையில் பேசி வைத்திருந்த வேலையும் போயிற்று. மறுதேர்வுக்குக் கூப்பிட்டேன். “உனுக்கே வருது, எனுக்கு வரல. என் கை சரியில்லடா” என்று சொல்லிவிட்டு நிலத்துக்குப் போய்விட்டான். வாய் ஓயாத நான் என் நூற்றுப் பத்தை மட்டும் விழுங்கிவிட்டேன்.

பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து, என்னையும் நம்பி அதே கல்லூரியில் விரிவுரையாளர் வேலை கொடுத்தார்கள். என் மாணவர்களும் நாற்பத்து நான்கை வரவழைத்தார்கள். நானும் கையெழுத்துப் போட்டேன். பழைய சாமான்களைக் கழித்துக்கட்டிய ஒருநாள் அந்தப் பச்சைச் சுருள் கையில் கிடைத்தது. நிதானமாக அளந்தேன். நூற்றுப் பத்து. நூலுக்குள் இருந்தது நிக்ரோம், இஸ்திரிப் பெட்டிக்குள் சூடேறுகிற ஜாதி. யாரோ அட்டையை மாற்றிக் கட்டியிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கீழ்பென்னாத்தூருக்குப் பஸ் ஏறிப் போனேன். அவன் வேர்க்கடலைச் செடி பிடுங்கிக்கொண்டிருந்தான். “உன் அளவு சரிடா. அட்டைதான் தப்பு” என்றேன். நிமிர்ந்தான். அந்த முகத்தில் ஒரு கணம் இருபது வயது வந்து உட்கார்ந்தது. அதோடு முடிந்திருந்தால் நான் நல்லவனாகவே ஊர் திரும்பியிருப்பேன்.

“அப்போ உனுக்கு எப்பிட்றா நாப்பத்தி நாலு வந்துச்சி?”

ஒரு ஜோக்குக்காக நாக்கைத் துழாவினேன்.

“எனுக்கும் நூத்திப் பத்துதாண்டா வந்துச்சி.”

அவன் குனிந்து அடுத்த செடியைப் பிடித்தான். சாலின் கடைசி வரைக்கும் பிடுங்கிக்கொண்டே போனான். பிறகு, திரும்பாமலே, “வண்டி வந்துடும். கெளம்பு” என்றான்.